வேற்றுலகத்தாரின் வருகை: இரவல் வாதத்திற்கு ஒரு மறுப்பு

வேற்றுலகத்து உயிர்களுக்கும் மனிதருக்கும் நேரும் முதற் சந்திப்பைப் பொருளாகக் கொண்ட கதைகள் அமெரிக்கருக்கும் ஐரோப்பியருக்கும் உரிய பரம்பரைச் சொத்து என்றும், அவற்றை ஆப்பிரிக்கர் எழுதினால் அது இரவல் என்றும், தமிழர் எழுதத் துணிந்தால் அது இரவலுக்கு இரவல் என்றும் கருதுகிற ஓர் அபிப்பிராயம் நம்முடைய வாசகர்களிடையே வேரூன்றியிருக்கிறது. இவ்வபிப்பிராயம் உடையவர்கள் படியாதவர்கள் அல்லர், நிறையப் படித்தவர்கள், ஆகையினாலேயே அவர்கள் சொல்வது எளிதில் நம்பப்படுகிறது. வானத்திலிருந்து ஒரு கலம் இறங்குவதாயின் அது வாஷிங்டனில் இறங்கினால் கம்பீரம், லாகோஸில் இறங்கினால் விநோதம், கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் இறங்கினால் நகைப்பு என்பதே அவர்களுடைய ரசனையின் அளவுகோல்.

அவர்களுடைய வாதத்தை அதன் முழு வலிமையோடு எடுத்துரைத்துவிட்டு மறுப்பதே நியாயம். அதற்கு மூன்று அங்கங்கள் உண்டு. இக்கதை வகை மேனாட்டு விஞ்ஞானத்திலும் மேனாட்டு நாவலிலும் பிறந்ததாகையால் பிறர் கையில் அது போலியாகவே முடியும் என்பது ஒன்று. குடிநீருக்கும் மின்சாரத்துக்கும் அல்லற்படுகிற ஜனங்களுக்கு விண்ணவரைப் பற்றிய கற்பனை வீண் ஆடம்பரம் என்பது மற்றொன்று. ஆப்பிரிக்கர் எழுதியவற்றுள் ஏதேனும் சாரம் இருக்குமாயின், அது வெள்ளையர் ஆட்சியின் துயரத்தை மாறுவேஷத்தில் கூறும் உருவகம் மட்டுமே; வேஷத்தைக் கலைத்துவிட்டால் எஞ்சுவது நாம் முன்பே அறிந்த சரித்திரந்தான் என்பது மூன்றாவது. இம்மூன்றும் பிழை என்பதும், அயலார் வருகை என்பதை உடம்பால் அறிந்த கரைகளிலிருந்துதான் இக்கதைகள் உண்மையோடு எழுதப்படக் கூடும் என்பதும் என் கட்சி. அதற்குச் சாட்சியாக ஆப்பிரிக்க நூல்கள் சிலவற்றையும், அவற்றுக்குப் பக்கத்திலேயே வைத்துப் பார்க்கத்தக்க திருவள்ளூர் மாவட்டத்தின் வடகிழக்கு மூலையையும் அழைக்கிறேன்.

இரவல் என்ற குற்றச்சாட்டை முதலில் எடுத்துக்கொள்வோம். செவ்வாய்க் கிரகத்தார் இங்கிலாந்தின் மேல் படையெடுத்ததாக எச். ஜி. வெல்ஸ் எழுதி 1898-இல் நூலாக வெளிவந்த நாவலே இவ்வகைக்கு ஆதிமூலம் என்று சொல்லுவது வழக்கம். அந்நூலின் தொடக்கத்திலேயே ஆசிரியர் தம் கற்பனை எங்கிருந்து பிறந்தது என்பதை ஒளிக்காமல் கூறிவிடுகிறார்: ஐரோப்பியக் குடியேற்றக்காரர் டாஸ்மேனியத் தீவின் ஆதிக்குடிகளுக்குச் செய்ததை நினைவூட்டி, அவ்வாறு செய்தவர்கள் தமக்கு அது செய்யப்படும்போது முறையிடலாமா என்று கேட்கிறார். இதன் பொருள் என்ன? வென்றவன், தோற்றவனுடைய அநுபவத்தைக் கடன் வாங்கித் தன் சொந்த வீதிகளில் நடத்திப் பார்த்தான் என்பதே. அந்த அநுபவம் லண்டனில் விளைந்ததன்று. கடலுக்கு அப்பாலிருந்த கரைகளில், பெயர் தெரியாத கலங்களை முதன்முதலாகக் கண்டு நின்றவர்களிடமிருந்து அது எடுக்கப்பட்டது. கடன் கொடுத்தவனுடைய பேரன் தன் முதலைத் திரும்பக் கேட்டு வரும்போது அவனை இரவலாளி என்பது எந்த நியாய சாஸ்திரத்திலும் இல்லாத புதுமை.

அத்தகைய கரை ஒன்று நமக்கு மிக அருகிலேயே இருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் குடியேறியிருந்த பழவேற்காட்டில், விஜயநகர அரசர் இரண்டாம் வேங்கடபதியின் அநுமதி பெற்று ஒல்லாந்தர் 1610-இல் பண்டகசாலை அமைத்தார்கள். போர்த்துக்கீசியர் அதைத் தாக்கவே, 1613-இல் கெல்ட்ரியா என்னும் கோட்டை எழுந்தது. அது முதல் 1690-இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரையில் சோழமண்டலக் கரையில் ஒல்லாந்தர் வர்த்தகம் முழுமைக்கும் பழவேற்காடே தலைநகராயிருந்தது. 1825-இல் அது ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. துணியும் வெடிமருந்தும் ஏறிய அதே துறையில் மனிதரும் ஏற்றப்பட்டார்கள். போரும் பஞ்சமும் வந்த காலங்களில் விற்கப்பட்டவர்களும் பிடிக்கப்பட்டவர்களும் ஆயிரக்கணக்கில் ஜாவாவிலிருந்த பட்டேவியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். இக்கரையிலிருந்து கொண்டுபோன அடிமைகள் சிலர் ஆப்பிரிக்காவின் தென்முனையிலுள்ள நன்னம்பிக்கை முனைக் குடியேற்றத்திலும் இறக்கப்பட்டார்கள். ஆப்பிரிக்கக் கதைகளைப் படிப்பதற்குப் பழவேற்காட்டார் பிறருடைய அநுமதிச் சீட்டை எதிர்பார்க்க வேண்டியதில்லை என்பதற்கு இந்த ஒரு கப்பல் வழியே போதும்.

இச்சரித்திரத்தில் ஒரு விஷயம் கவனிக்கத் தக்கது. வந்தவர்கள் அரசரிடம் பேசினார்கள்; அரசருடைய அதிகாரிகளோடு உடன்படிக்கை எழுதினார்கள்; ஏரியிலும் முகத்துவாரத்திலும் வலை வைத்துப் பிழைத்தவர்களுடைய சம்மதம் எந்தப் பத்திரத்திலும் கேட்கப்படவில்லை. இங்கே எழுகிற கேள்வி ‘வந்தவர் நல்லவரா, கெட்டவரா?’ என்பதைவிட ஆழமானது. வந்தவர் யாரிடம் கேட்டுக்கொண்டு வந்தார், யாரைத் தாண்டிக்கொண்டு போனார் என்பதே அது. மேனாட்டுக் கதைகள் பெரும்பாலும் இக்கேள்வியைக் கேட்பதில்லை. அவற்றில் விண்ணவர் நேரே ஜனாதிபதியைத் தேடி வருவார், அல்லது சேனாதிபதி விண்ணவரைத் தேடிப் போவார். ஆப்பிரிக்கக் கதாசிரியர்கள் புதிதாகச் செய்த காரியம் இந்தக் கேள்வியைக் கதையின் மத்தியில் கொண்டுவந்து நிறுத்தியதுதான்.

கடன் என்ற சொல்லுக்கு இன்னொரு விடையும் உண்டு. சென்னைத் துணி என்று பெயர் பெற்ற கட்டம்போட்ட பருத்தித் துணி, சோழமண்டலக் கரையிலிருந்து நெடுங்காலமாக மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்தது. நைஜர் நதியின் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் அதை விரும்பி வாங்கினார்கள். வாங்கியபடியே உடுத்துவதோடு நிற்கவில்லை. அவர்களுடைய பெண்டிர் அத்துணியிலிருந்து குறிப்பிட்ட இழைகளை ஒவ்வொன்றாக அறுத்து உருவி, நெய்தவன் கனவிலும் காணாத புதிய சித்திரங்களை அதில் தோற்றுவித்தார்கள். பிறப்பிலும் இறப்பிலும் அவர்களுடைய சடங்குகளுக்கு உரியதாகிவிட்ட அத்துணியை இன்று யாரும் இந்தியத் துணியின் போலி என்று சொல்லுவதில்லை. தமிழில் நாவல் என்னும் உருவமே 1879-இல் வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரத்தோடு வெளியிலிருந்து வந்ததுதான். அதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டுமென்று இரவல் வாதிகளுள் எவரும் இதுவரை தீர்மானம் கொண்டுவரவில்லை.

கலபாரிப் பெண்டிரின் கைத்திறனை ஒத்த ஒரு காரியத்தைக் காங்கோ நாட்டு எழுத்தாளர் எம்மானுவேல் டோங்காலா 1982-இல் வெளியான தம் கதைத் தொகுதியில் செய்தார். ரசாயனம் கற்பித்த ஆசிரியர் அவர். பூமிக்கு வந்திறங்கிய வேற்றுலகத்தாரைப் பனங்கள்ளாலும் ஜான் கோல்ட்ரேனின் ஜாஸ் இசையாலும் வசப்படுத்துவதாக அவர் எழுதிய கதையில், அணுகுண்டு வைத்திருந்த வல்லரசுகளின் பெருமிதம் முழுவதும் நகைப்புக்கு இடமாகிறது. மேனாட்டுக் கதையின் கட்டுக்கோப்பு அப்படியே இருக்கிறது. அதிலிருந்து பீதி என்னும் இழை மட்டும் உருவப்பட்டுவிட்டது. அந்த ஒரு இழை போனதும் துணியின் தோற்றமே வேறாகிவிட்டது. டோங்காலா இதை எழுதிய காலத்தில், இன்று ஆப்பிரிக்க விஞ்ஞானக் கதை என்று உலகச் சந்தையில் பேசப்படும் இயக்கம் பிறந்திருக்கவில்லை என்பதையும், ஆகவே இது நேற்றைய நாகரிகத்தைப் பின்பற்றிய வேலை என்று தள்ளிவிட முடியாது என்பதையும் நினைவில் வைக்கவேண்டும்.

இனி, ஆடம்பரம் என்னும் இரண்டாவது ஆட்சேபம். வறியவன் வானத்தைப் பார்க்கக் கூடாது என்ற இந்த உபதேசத்தைச் சொல்லுகிறவர்கள் ஒருமுறை பழவேற்காட்டு ஏரிக்கரையில் நின்று வடக்கே நோக்கினால் தம் வாதத்தின் ஏழ்மையை உணர்வார்கள். ஏரிக்கும் வங்கக்கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவிலிருந்து 1971-இல் முதல் ராக்கெட் எழுந்தது. 2023 ஜூலை 14-இல் சந்திரயான்-3 அங்கிருந்துதான் சந்திரனை நோக்கிப் புறப்பட்டது. தீவில் வாழ்ந்த யானாதி மக்கள் பலர் அந்த ராக்கெட் ஏவுநிலையத்துக்காக இடம்பெயர்க்கப்பட்டவர்கள். ராக்கெட் எழும் நாட்களில் குறிப்பிட்ட கடற்பரப்புக்குள் போகவேண்டாமென்று மீனவர்களுக்கு எச்சரிக்கை வருகிறது. அன்றைய தொழில் அன்றோடு போயிற்று. வானம் எட்டாத பொருள் என்று பிறர் சொல்லலாம். அந்த வானத்துக்குத் தன் ஒரு நாள் கூலியை வரியாகக் கட்டுகிறவனிடம் அதைச் சொல்லுவது எங்ஙனம் பொருந்தும்? விண்வெளி அவனுடைய வாழ்க்கைக்கு வெளியே இல்லை. அவனுடைய வேலை நாட்களின் கணக்குக்குள்ளேயே இருக்கிறது.

ஆப்பிரிக்காவின் நிலையும் இதுவே. தென்னாப்பிரிக்காவின் கரூ வறள்நிலத்தில் 64 தட்டுகளைக் கொண்ட மீர்காட் ரேடியோ தொலைநோக்கி 2018 முதல் வானத்துக்குச் செவி சாய்த்திருக்கிறது. வேற்றுலக நாகரிகங்களின் சமிக்ஞை ஏதேனும் வருகிறதா என்று தேடும் முயற்சியிலும் அக்கருவி பயன்படுகிறது. ஒருவேளை எக்காலத்திலாவது அச்செய்தி வருமானால், அதை முதலில் கேட்கிற செவி ஆப்பிரிக்க மண்ணில் இருப்பதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. உண்மை விஞ்ஞானத்தில் இவ்வளவு நெருங்கிய பங்கு உடைய கண்டத்துக்குக் கற்பனையில் மட்டும் இடமில்லை என்பது அநியாயமான தீர்ப்பு.

மறு திசையில் போன செய்தியையும் நினைத்துப் பார்க்கலாம். 1977-இல் ஏவப்பட்ட வாயேஜர் கலங்கள் இரண்டிலும், என்றாவது எவரேனும் கண்டெடுத்தால் கேட்கட்டும் என்று ஒரு தங்க முலாம் பூசிய இசைத்தட்டு வைக்கப்பட்டது. அதில் 55 மொழிகளில் மனித குலத்தின் வணக்கம் பதிந்திருக்கிறது. ஸோத்தோ, லுகாண்டா, நியாஞ்சா முதலிய ஆப்பிரிக்க மொழிகள் அதில் இருக்கின்றன, பழவேற்காட்டுக்கு வந்த ஒல்லாந்தரின் மொழி இருக்கிறது, அண்டை மொழிகளாகிய தெலுங்கும் கன்னடமும் சிங்களமும் இருக்கின்றன, தமிழ் இல்லை. இதைச் சதி என்று நான் கூறவில்லை. அவசரமாகத் திரட்டப்பட்ட தொகுப்பில் விடுபட்டவை பல. ஆயினும் பூமியின் சார்பில் பேசும் உரிமை எவருக்கு, அதை யார் பங்கிட்டுக் கொடுக்கிறார்கள் என்ற கேள்வி வெறும் நாவலாசிரியனின் விளையாட்டு அன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. பட்டியலில் விடுபட்டவர்களுக்கே அக்கேள்வியின் அவசரம் நன்கு விளங்கும்.

வறுமையையும் விண்ணையும் ஒன்றுக்கொன்று பகையாக நிறுத்துகிறவர்களுக்கு நெடி ஒகோரஃபோர் 2014-இல் வெளியிட்ட ‘லகூன்’ என்னும் நாவலே நேரான பதில். நைஜீரியப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்தவர் அவர். லாகோஸ் நகரத்துக் கடலில் வேற்றுலகத்தார் இறங்குகிறார்கள். அவர்கள் முதலில் பேசுவது அரசாங்கத்தோடு அன்று, மனிதரோடும் அன்று, கடல்வாழ் பிராணிகளோடு. எண்ணெய்க் குழாயைத் தன் வாளால் குத்திக்கொண்டிருக்கும் ஒரு வாள்மீனோடு நாவல் தொடங்குகிறது. மீனுக்கு என்ன வேண்டும் என்று கேட்கப்படுகிறது; கேட்டது கொடுக்கப்படுகிறது; எண்ணெயால் நஞ்சேறியிருந்த நீர் தூயதாகிறது. அதன் பிறகுதான் மனிதர்களின் முறை வருகிறது. முதற் சந்திப்பின் முதல் மரியாதையை யாருக்குக் கொடுப்பது என்ற கேள்விக்கு இதுவரை எழுதப்பட்ட விடைகளுள் இதைவிடத் துணிவானது எனக்குத் தெரிந்தவரையில் இல்லை.

இதை ஆடம்பரக் கற்பனை என்பவர்கள் 2017 ஜனவரி 28-ஆம் தேதிக்குப் பிந்திய நாட்களை எண்ணிப் பார்க்கட்டும். அன்று எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்து கரையெல்லாம் படர்ந்தபோது, அதை அள்ளுவதற்கு மீனவரும் மாணவரும் தொண்டர்களும் வாளிகளோடு நீரில் இறங்கினார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகத்தில் மறுபடியும் எண்ணெய் பரவிற்று. கையால் எண்ணெய் அள்ளிய ஒருவர் ‘லகூன்’ நாவலின் முதல் அத்தியாயத்தைக் கேட்டால், அதை ஆகாயக் கோட்டை என்று ஒதுக்கமாட்டார். அந்த வாள்மீனின் மனு எதைப் பற்றியது என்பது அவருக்கு உரையாசிரியர் இல்லாமலே விளங்கும்.

கும்மிடிப்பூண்டியில் விண்கலம் இறங்கினால் நகைப்பு வரும் என்ற கருத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். நம் நாட்டிலேயே சத்யஜித் ராய் 1962-இல் ஒரு வங்காளச் சிற்றூரின் மூங்கிற் புதருக்குள் வேற்றுலகத்தான் ஒருவனை இறக்கி, ஊராரின் கேலிக்கு ஆளான ஒரு சாதுவான பள்ளி ஆசிரியரோடு அவனைப் பேசவைத்தார். கதை படித்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் அந்தச் சிரிப்பு ஆசிரியரைக் கேலி செய்த ஊர்ப் பெரிய மனிதர்களின் மேல் விழுந்தது. இடத்தின் எளிமை கதையைக் குறைக்கவில்லை. மதிப்பின் ஸ்தானங்களை மாற்றிவைத்தது.

தொழிற்பேட்டைக்கு அண்மையான உதாரணம் வேண்டுமாயின் டாடே தாம்சனின் ‘ரோஸ்வாட்டர்’ இருக்கிறது. 2016-இல் வெளிவந்து 2019-இல் ஆர்தர் சி. கிளார்க் பரிசு பெற்ற இந்நாவலில், விண்ணிலிருந்து வந்த ஒரு மாபெரும் உயிர் நைஜீரிய மண்ணுக்குள் புகுந்து, தன்னைச் சுற்றி ஒரு கவிகையை எழுப்பிக்கொண்டு அமர்ந்துவிடுகிறது. அதன் அருகே மின்சாரம் கிடைக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை கவிகை திறக்கும்போது நோயாளிகளின் பிணி தீர்கிறது. இவற்றை நாடி வந்த ஜனங்கள் சாக்கடையும் திட்டமும் இல்லாமல் கூடாரமடித்து, அதுவே ஒரு நகரமாக வளர்கிறது. பிணி தீர்ந்தவர்களுள் சிலர் கோணல்மாணலாகத் திருத்தப்பட்டுப் போகிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கொடுக்கிற கை மெல்ல மெல்ல மனித உடம்பின் அணுக்களைத் தன்னுடையவையாக மாற்றிக்கொண்டிருக்கிறது. யுத்தம் என்று ஒன்று அறிவிக்கப்படவில்லை. ஆகவே யாரும் எதிர்க்கவும் தொடங்கவில்லை.

கும்மிடிப்பூண்டியின் உருக்காலைகளையும் வார்ப்பாலைகளையும் சுற்றி வளர்ந்த வீதிகளில் வாழ்கிறவர்களுக்கு இந்நாவலின் உள்ளுறை புதிதன்று. சிப்காட் வந்தபோது சம்பளம் வந்தது, வாடகை வந்தது, கடை வந்தது. கூடவே புகையும் வந்தது, கிணற்று நீரைப் பற்றிய சந்தேகமும் வந்தது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வந்த தொழிலாளர் ஒரே அறையை முறைவைத்துப் பகிர்ந்து, பாஷை தெரியாத ஊரில் கையசைவால் அரிசி வாங்கக் கற்றார்கள். ஆலையை வேண்டாமென்று சொல்ல எவராலும் இயலாது. வேண்டுமென்று மனமாரச் சொல்லவும் இயலாது. உதவியாகவே வந்து உரிமையாக மாறுகிற இந்த நிலைக்குப் படையெடுப்புக் கதையின் சட்டகம் பொருந்தாது. தாம்சனின் கவிகை பொருந்துகிறது. எனவே கும்மிடிப்பூண்டியில் நடந்தால் கதை கேலியாகும் என்பதற்கு மாறாக, கும்மிடிப்பூண்டியை அறிந்தவனே அக்கதையை முழுமையாகப் படிக்கிறான் என்பதுதான் உண்மை.

மூன்றாவது ஆட்சேபம் மற்ற இரண்டையும்விட நாகரிகமானது. ஆகவே அதிக அபாயமானது. ஆப்பிரிக்கர் எழுதும் முதற் சந்திப்புக் கதையில் விண்ணவன் என்பவன் வெள்ளைக்காரனே, கலம் என்பது கப்பலே என்று இவர்கள் வியாக்கியானம் செய்கிறார்கள். இது பாராட்டைப்போல ஒலிக்கும் சிறுமைப்படுத்தல். மேனாட்டான் பிரபஞ்சத்தைப் பற்றி எழுதலாம்; ஆப்பிரிக்கன் தன் காயத்தைப் பற்றி மட்டுமே எழுதலாம் என்பது இதன் உட்பொருள். பழவேற்காட்டின் சரித்திரத்தைச் சற்றுமுன் நானே எடுத்துரைத்தேனே, அது இவர்களுக்குத் துணைபோகாதோ என்று ஒருவர் கேட்கலாம். போகாது. அநுபவம் ஒருவனுக்குக் கேள்வியைத் தருகிறது. விடையை அது முன்கூட்டியே எழுதி வைப்பதில்லை. விடைகள் எவ்வளவு வேறுபடுகின்றன என்று பார்த்தாலே உருவக வாதம் தளர்ந்துவிடும்.

‘லகூன்’ நாவலில் வருகிறவர்கள் நிலத்தைப் பிடிக்கவில்லை, வரி வாங்கவில்லை. அவர்களை வெள்ளையராகப் படித்தால் வாள்மீனை எங்கே வைப்பது? ‘ரோஸ்வாட்டர்’ நாவலின் உயிரை வெள்ளையராகப் படித்தால், அது முதலில் விழுந்த இடம் லண்டன் மாநகரமே என்பதை எவ்வாறு விளக்குவது? ஒகோரஃபோர் 2015-இல் எழுதிய ‘பின்டி’ என்னும் குறுநாவல் இவ்வாதத்தை அடியோடு புரட்டிவிடுகிறது. நமீபியாவின் ஹிம்பா குலத்துப் பெண் ஒருத்தி விண்வெளிப் பல்கலைக்கழகத்தில் கற்கப் போகிறாள். வழியில் மெடூஸ் என்னும் அயல் இனத்தார் கலத்தைத் தாக்கி அவளோடு வந்தவர்களைக் கொன்றுவிடுகிறார்கள். அவர்களுடைய கோபத்துக்குக் காரணம், அவர்கள் தலைவனுடைய கொடுக்கு பறிக்கப்பட்டு அந்தப் பல்கலைக்கழகத்தின் காட்சிச்சாலையில் வைக்கப்பட்டிருப்பது. இருதரத்தாருக்கும் நடுவே நின்று பேசி அதை மீட்டுக்கொடுப்பவள் அந்தப் பெண். ஜெர்மானியர் ஆட்சியில் கொல்லப்பட்ட ஹெரேரோ, நாமா மக்களின் மண்டையோடுகள் நூறாண்டுக்கு மேல் ஜெர்மனியின் சேகரங்களில் இருந்து 2011-இல்தான் திரும்பத் தொடங்கின என்பதையும், ஹிம்பாக்கள் ஹெரேரோ மக்களுக்கு மொழியாலும் குலத்தாலும் உறவினர் என்பதையும் அறிந்தவர்கள் இக்கதையின் வேரைக் காண்பார்கள். ஆனால் கதையில் பறிகொடுத்தவன் அயலான்; ஆப்பிரிக்கப் பெண் வழக்குத் தீர்ப்பவள். சரித்திரம் அவளைப் புலம்பச் செய்யவில்லை. நடுவராக இருக்கும் தகுதியை அவளுக்குக் கொடுத்தது.

ஆப்பிரிக்கருக்குள்ளேயே இப்பொருளில் கடுமையான பூசல் உண்டு என்பதும் உருவக வாதிகள் கவனியாத விஷயம். தென்னாப்பிரிக்காவில் பிறந்த நீல் ப்ளோம்காம்ப் 2009-இல் எடுத்த ‘டிஸ்ட்ரிக்ட் 9’ படத்தில், ஜோஹானஸ்பர்க் நகரத்தின் மேலே வந்து நின்ற கலத்திலிருந்து இறக்கப்பட்ட வேற்றுலகத்தார் வென்றவர்களாக இல்லை. முகாமில் அடைக்கப்பட்ட அகதிகளாக இருக்கிறார்கள். கேப் டவுனில் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் என்னும் பகுதி 1966-இல் வெள்ளையருக்கு மட்டும் உரியதென்று அறிவிக்கப்பட்டு, ஏறத்தாழ 60,000 பேர் அங்கிருந்து பெயர்க்கப்பட்ட கொடுமையை அது நினைவூட்டுகிறது. ஆனால் அதே படம் நைஜீரியரைக் கொள்ளையராகவும் நரமாமிசத்துக்கு அலைபவராகவும் காட்டிற்று. நைஜீரிய அரசாங்கம் அதைத் திரையிடுவதை நிறுத்தும்படி கேட்டது. அப்படத்தின் மேல் கொண்ட சினமே ‘லகூன்’ நாவலுக்கு வித்து என்று ஒகோரஃபோர் கூறியிருக்கிறார். விண்ணிலிருந்து வந்த அயலானிடம் பரிவு காட்டிய படம் பக்கத்து நாட்டுக்காரனிடம் காட்டவில்லை என்பதே அவருடைய குற்றச்சாட்டு. இது மேனாட்டுக்கு எதிரான மனுவன்று. ஆப்பிரிக்கருக்குள் நடந்த வழக்கு. உள்வழக்கு நடக்கிற இலக்கியம் இரவல் இலக்கியமாக இருப்பதில்லை.

அகதி முகாமும் கும்மிடிப்பூண்டிக்குப் புதிய பொருளன்று. 1983-க்குப் பின் இலங்கையிலிருந்து தப்பி வந்த தமிழருக்கு இங்கே ஒரு முகாம் அமைந்தது. 2021-இல் அரசாங்கம் அதன் பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. அங்கேயே பிறந்து வளர்ந்து மணந்தவர்களுக்கும் குடியுரிமைக் கேள்வி தீர்ந்தபாடில்லை. ஒரே மொழி பேசி, ஒரே தெய்வங்களை வணங்கி வந்தவர்களுக்கே இந்நிலை என்றால், அயலான் என்பவனை ஆக்குவது உருவத்தின் வேற்றுமையா, அல்லது பதிவேட்டின் பத்தியா? ப்ளோம்காம்பின் படம் தொட்ட இந்த இடத்தைத் தமிழில் இன்னும் ஆழமாகத் தொடுவதற்கு வேண்டிய அறிவு நம்முடைய தாலுகாவிலேயே இருக்கிறது.

எதிர்க்கட்சியாருக்கு ஒரு விஷயத்தை விட்டுக்கொடுக்கலாம். ஆப்பிரிக்கர் எழுதியவை யாவும் உயர்ந்தவை அல்ல. புகழ் பெற்றவர்களிற் பலர் அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ வாழ்ந்து ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள். அவர்களுடைய நூல்கள் லாகோஸுக்கு முன்பே லண்டனில் விற்கின்றன. ஆனால் இது விலைக்கும் பிரசுரத்துக்கும் உள்ள குறை, கற்பனையின் குறையன்று. ஆங்கிலத்தில் எழுதப்பட்டதால் போலி என்றால், நாம் போற்றும் ஆர். கே. நாராயணனின் மால்குடியையும் அந்தக் கணக்கில் எழுதிவிட வேண்டியிருக்கும்.

அவர்கள் தொடங்கிவைத்த கேள்வியை நாம் எங்கே கொண்டுபோகலாம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுச் சொல்லுகிறேன். பழவேற்காட்டு ஏரியில் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் மீனவர்களிடையே ‘பாடு’ என்னும் முறை நெடுங்காலமாக நடந்துவருகிறது. நல்ல மீன்பிடி இடங்களில் எவர் எந்த நாளில் வலை வைப்பது என்பதைச் சீட்டுப் போட்டு, முறைவைத்து, ஊர்க் கட்டுப்பாட்டால் காத்துவருகிறார்கள். அம்முறையில் நீதியும் உண்டு, அநீதியும் உண்டு: உரியவர்களுக்குள் சமமாகப் பங்கிடுகிறது; உரியவர் அல்லர் என்று கருதப்பட்டவரை வெளியே நிறுத்துகிறது. வேற்றுலகத்து உயிர் ஒன்று இந்த ஏரியில் வந்து இறங்கினால், ‘நீ சமாதானமாக வந்தாயா?’ என்று இங்கே எவரும் கேட்கப்போவதில்லை. வந்தவனுக்குப் பாடு உண்டா, இல்லையா; உண்டென்றால் யாருடைய முறையிலிருந்து எடுத்துக் கொடுப்பது; அவனுக்குக் கொடுப்பதானால் இதுவரை வெளியே நின்ற இருளர் பழங்குடியினருக்கு ஏன் கொடுக்கவில்லை என்றே வழக்கு எழும். வெல்ஸும் ஆர்தர் சி. கிளார்க்கும் இவ்வழக்கை எழுதியிருக்க முடியாது. ஏனெனில் அவர்கள் கண்ட கடல் எவருக்கும் முறை வைத்துப் பங்கிடப்பட்டதாக இல்லை.

சுஜாதாவுக்குப் பிறகு தமிழ் விஞ்ஞானக் கதைக்கு வாசகர் பஞ்சம் இல்லை. ஜெயமோகன் ‘விசும்பு’ தொகுதியில் அதை நம் தத்துவ மரபோடு பிணைக்க முயன்றதும் உண்டு. பஞ்சம் இருப்பது துணிவுக்கு. நம் எழுத்தாளன் விண்ணவனைப் படைக்கும்போது அமெரிக்கச் சினிமாவின் வீதியை மனத்தில் வைத்துக்கொள்ளுகிறான். பிறகு அது போலியாயிற்றே என்று விமரிசகன் குறை கூறுகிறான். அக்குறையைக் கேட்டு எழுத்தாளன் இப்பொருளையே கைவிடுகிறான். இரவல் வாதம் இவ்வாறு தன் தீர்க்கதரிசனத்தைத் தானே நிறைவேற்றிக்கொள்ளுகிறது. இச்சுழலிலிருந்து வெளியேறும் வழியை லாகோஸிலிருந்தும் காங்கோவின் பிரஸ்ஸாவில்லிலிருந்தும் வந்த எழுத்து காட்டியிருக்கிறது: கதையைத் தன் கரைக்கு இழுத்துக்கொண்டு போய், அங்கே நடைமுறையிலுள்ள உரிமைகளுக்கும் கடன்களுக்கும் நடுவே அயலானை நிறுத்துவதே அவ்வழி. இனி ஒரு முதற் சந்திப்புக் கதையை மதிப்பிடுகிறவர்கள், அதன் கலம் எந்த ஊரில் இறங்கிற்று என்று பார்ப்பதை விட்டுவிட்டு, வந்தவன் யாரிடம் கேட்டுக்கொண்டு இறங்கினான், கேட்கப்படாமல் விடுபட்டவர் யார், அவர்களுக்கு என்ன பதில் சொல்லப்பட்டது என்று பார்க்கட்டும். அந்தச் சோதனையில் புகழ்பெற்ற மேனாட்டு நூல்கள் பல தேறமாட்டா; ஆப்பிரிக்கர் எழுதிய சில தேறியிருக்கின்றன; தமிழில் எழுதப்பட வேண்டியவையும் அந்தச் சோதனைக்கே தம்மை ஒப்புக்கொடுக்க வேண்டும்.